பேக்கனுக்கு நாலு டிகிரி

இனிமேல் இந்த வீட்டுக்குள் ஒரு சிட்டிகை ரசாயனம்கூட நுழையாது என்று தவக்காலத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு, கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தேன்.

கேட்பதற்கு என் மனைவி அக்னஸ் மட்டும்தான் இருந்தாள். அவளும் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப கொசுவர்த்தி?"

"அது... அது வெளியில எரியுறதுதானே. பரவாயில்ல."

"உங்க தலைக்கு அடிக்கிற டை?"

"அதுவும் வெளியிலதான். தலைக்கு வெளியில."

"கக்கூஸ் கழுவுற..."

"சாப்பாட்டுல, அக்னஸ்! சாப்பாட்டுல ரசாயனம் கிடையாது!"

இப்படித்தான் எங்கள் வீட்டில் நான் போடுகிற சட்டமெல்லாம் வாசலில் பெரிதாகப் பிறந்து, அடுப்படிக்குப் போவதற்குள் சுருங்கிவிடும்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியில் மோட்டார் இருதயசாமி என்றால் தெரியும். வயலில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் கருகிப்போனால் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழைய காயிலை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றி, செத்த மோட்டாரை உயிர்த்தெழ வைப்பேன். சுற்றுவட்டாரத்தில் என் கை படாத மோட்டார் கிடையாது. ஓடாததை ஓட வைக்க எனக்குத் தெரியும். ஓடுகிற என் வாயை நிறுத்தத்தான் தெரியாது. இந்தக் கதையில் நடந்த அத்தனை கூத்துக்கும் அதுதான் காரணம்.

அக்னஸ் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஒரு நாளும் பதிலைச் சொல்ல மாட்டாள். கேள்விதான் கேட்பாள். பதிலை நாமே சொல்லி, நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளாவது ஐந்து மணி நேரத்தில் வீட்டுக்குப் போய்விடும். எனக்கு வீடே அதுதான்.

விவகாரத்தின் வேர் போன கிறிஸ்துமஸ். அக்னஸின் தம்பி சகாயராஜ் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். விடுமுறைக்கு வந்தபோது ஒரு பாக்கெட் பேக்கன் கொண்டுவந்தான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பன்றியின் வயிற்றுப் பக்கத்துக் கறியை, கொழுப்பும் கறியும் மாறி மாறி அடுக்கியிருக்குமே அந்த இடத்தை, உப்பிலும் சர்க்கரையிலும் ஒரு வாரம் ஊறப்போட்டு, ரிப்பன் ரிப்பனாக நறுக்கி, அதன் கொழுப்பிலேயே மொறுமொறுவென்று பொரிப்பது. பொரிக்கும்போது வந்த வாசனைக்கு எங்கள் தெருவில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். ஆளுக்கு மூன்று ரிப்பன் கொடுத்தான். நான் அக்னஸுடையதிலும் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அன்றோடு இட்லியின் மேல் எனக்கிருந்த மரியாதை போய்விட்டது.

அவன் ஊருக்குப் போனதும் தஞ்சாவூரில் ஒரு பெரிய கடையில் உறைந்த பேக்கன் விற்கிறது என்று கண்டுபிடித்தேன். ஒரு பாக்கெட்டைச் செய்தித்தாளில் சுற்றி, பஸ்ஸில் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அக்னஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தாள். உலகத்தில் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிற ஒரே பெண்ணை எனக்குக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

"சோடியம் நைட்ரைட்னா என்னங்க?"

"கறி கெட்டுப்போகாம இருக்கப் போடுவாங்க. செவப்பா இருக்கும்."

"உடம்புக்கு நல்லதா?"

"அளவா சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது."

"நீங்க அளவா சாப்பிடுவீங்களா?"

நான் விட்டத்தைப் பார்த்தேன்.

"நைட்டு தின்னாலும் ரைட்டு இல்ல, பகல்ல தின்னாலும் ரைட்டு இல்ல. குடுங்க இப்படி."

பாக்கெட் பக்கத்து வீட்டு ஆனந்தவல்லியம்மாவின் நாய்க்குப் போனது. ஆனந்தவல்லியம்மா வெங்காயம்கூடச் சேர்க்காத சைவம். நாய் அப்படி இல்லை. அதன் பிறகு பல நாள் அது எங்கள் வாசலை விட்டு நகரவே இல்லை. நானும் அதுவும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

இந்தச் சமயத்தில்தான் சகாயராஜிடமிருந்து என் செல்போனுக்கு ஒரு வீடியோ வந்தது. தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரன். நைட்ரைட் பொடியே போடாமல், இயற்கை முறையில், வீட்டிலேயே பேக்கன் செய்கிறான். 'அத்தான், உங்களுக்குத்தான்' என்று எழுதியிருந்தான். பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு போன் போட்டேன்.

"மாப்ள! ஈஸ்டருக்கு வர்ற இல்ல?"

"வர்றேன் அத்தான். டிக்கெட் போட்டாச்சு."

"ஈஸ்டர் அன்னிக்குக் காலையில என் கையால பேக்கன். ரசாயனமே கிடையாது. உங்க ஜெர்மனிக்காரன் அதைத் தின்னுட்டு அவன் பேக்கனைத் தூக்கி ஆத்துல போடணும்."

போனில் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். பூசை முடிந்து வெளியே வந்த அத்தனை பேரிடமும் சொன்னேன். பங்குச் சாமியாரிடம்கூடச் சொன்னேன். "தவக்காலத்துல கறியைப் பத்திப் பேசாம இருக்குறதும் ஒரு ஒறுத்தல்தான் இருதயசாமி" என்றார் அவர். ஆனாலும், "ஈஸ்டர் பூசை முடிச்சிட்டு நான் அந்தப் பக்கமாத்தான் வருவேன்" என்றும் சொன்னார்.

ஆக, பின்வாங்க வழியில்லை. அக்னஸிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டு வாங்குவதற்கு முழுத் தயாரிப்போடு, ஒரு கையில் செருப்போடுதான் நின்றேன். ஓடுவதற்கு வசதியாக இருக்கட்டுமே.

"செய்யுங்களேன்" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் காது அடைத்துவிட்டது.

"பன்னிக்கறி, அக்னஸ். வீட்டுல. ஒரு வாரம் ஊறும்."

"ஊறட்டுமே. நீங்க ஆசைப்பட்டு ஒண்ணு செய்யுறீங்க, நான் குறுக்க நிப்பேனா? எங்க, அந்த வீடியோவைக் காட்டுங்க. அந்த ஆளு என்ன சொல்றாருன்னு எனக்கும் சொல்லுங்க."

இத்தனை வருட இல்லறத்தில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் செல்போனை, என் ஆர்வத்துக்காகப் பார்த்தது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வரிக்கு வரி விளக்கம் சொன்னேன்.

"இது உப்பு. இது நாட்டுச்சர்க்கரை மாதிரி ஒண்ணு. இது மிளகு. இது செலரின்னு ஒரு செடி, அதோட சாறு."

"அது எதுக்குங்க?"

"அதுலதான் நைட்ரேட் இருக்கு. கறிக்கு அது வேணும்."

"அதுதானே வேணாம்னு சொன்னோம்?"

"அது கடைல விக்கிற நைட்ரைட். இது இயற்கையான நைட்ரேட். செடியே தயார் பண்றது."

"அரளி விதைகூட செடியே தயார் பண்றதுதாங்க."

"உனக்கு அறிவியல் புரியாது. பேசாம பாரு."

பேசாமல் பார்த்தாள். அவள் பேசாமல் பார்க்கும்போதுதான் பயப்பட வேண்டும் என்று எனக்கு ஏன் அன்று தோன்றவில்லை?

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது காய்கறி மார்க்கெட்டுக்குப் போனேன். கலந்தர் பாய் என்னிடம் மோட்டார் சுற்றக் கொடுத்தவர். உரிமையோடு கேட்டேன்.

"பாய், செலரி இருக்கா?"

"சேலரியா? அது உங்க வீட்டு டீச்சரம்மாவுக்கு ஒண்ணாந்தேதி வரும். என்கிட்ட முருங்கைக்காய்தான் இருக்கு."

"அது இல்ல பாய். கொத்தமல்லி மாதிரி இருக்கும். தண்டு பெருசா இருக்கும்."

"பெரிய கொத்தமல்லியா? இந்தாங்க, இதுல பெருசாப் பார்த்து எடுத்துக்குங்க."

மன்னார்குடியில் செலரி இல்லை. தஞ்சாவூரில் தேடியபோது, வாடிப்போய், கருணைக் கொலைக்குக் காத்திருக்கும் ஒரே ஒரு கட்டு இருந்தது. அதன் விலைக்கு ஒரு பன்றிக்குட்டியே வாங்கி வளர்க்கலாம். நல்லவேளையாக இன்னொரு வீடியோவில், கீரையிலும் பீட்ரூட்டிலும்கூட அதே நைட்ரேட் இருக்கிறது என்று சொன்னார்கள். கீரைதானே! கீரைக்கு நம் ஊரில் பஞ்சமா?

குடவாசல் பக்கம் குணசேகரன் என்று எனக்கு ஒரு சிநேகிதன். இயற்கை விவசாயி. அவன் வயலில் யூரியா மூட்டையின் நிழல்கூட விழாது. கோடைக்கு உளுந்து, வரப்போரமாக முளைக்கீரை, அரைக்கீரை. இயற்கை பேக்கனுக்கு இயற்கைக் கீரை. பொருத்தம் என்றால் இதல்லவா பொருத்தம் என்று வண்டியை எடுத்தேன்.

குணசேகரன் மோர் கொடுத்தான். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அருமை அண்ணே! இயற்கைக்கு நீங்களும் வந்துட்டீங்க. பறிச்சிக்குங்க, எவ்வளவு வேணும்னாலும் பறிச்சிக்குங்க."

"இதுல நைட்ரேட் நல்லா இருக்கும் இல்ல?"

அவன் மோர்ச் சொம்பைக் கீழே வைத்தான்.

"என்ன கேட்டீங்க?"

"நைட்ரேட். தூக்கலா இருக்குமா?"

"அண்ணே, நைட்ரேட் எதுல தூக்கலா இருக்கும் தெரியுமா? யூரியாவைக் கொட்டிக் கொட்டி வளர்த்த கீரைல. என் கீரைல அது கம்மி. ரொம்பக் கம்மி. அதுதான் எனக்குப் பெருமையே! டெஸ்ட் பண்ணி, கூட்டத்துல மாலை போட்டிருக்காங்க!"

நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்ததோடு நிறுத்தியிருக்கலாம். முதலிலேயே சொன்னேன் அல்லவா, என் வாய் அப்படி.

"குணசேகரா, கோவிச்சுக்காத. வரப்போரமா ரெண்டு பாத்திக்கு மட்டும், எனக்காக, கொஞ்சம் யூரியா..."

ஒரு இயற்கை விவசாயி அவ்வளவு செயற்கையான வார்த்தைகளைப் பேசி நான் கேட்டதே இல்லை. வண்டி வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தான். "ரோட்டோரக் கடைல போயி வாங்குங்க! சாக்கடைத் தண்ணில வளர்ந்ததா பார்த்து வாங்குங்க!" என்ற குரல் ரொம்ப தூரம் கூடவே வந்தது.

கடைசியில் கலந்தர் பாயிடமே கீரை வாங்கினேன். "பாய், நல்லா உரம் போட்ட கீரையா பார்த்துக் குடுங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டீச்சரம்மா ஊர்லதானே இருக்காங்க?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் அக்னஸ் நோட்டுத் திருத்திக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, அந்த வீடியோவுல அந்த ஆளு கறியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெக்கும்போது விரலைத் தூக்கி நாலு நாலுன்னு காட்டுனாரே. என்ன நாலு?"

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாளே!

"நல்ல கேள்வி. நாலு டிகிரி. நைட்ரைட் போடாதப்ப கறியைக் காப்பாத்துறது குளிர்தான். ஃப்ரிட்ஜு நாலு டிகிரிக்கு மேல போயிடக் கூடாது. போச்சுன்னா விஷக்கிருமி வந்துடும். ஆளே போயிடலாம்."

"அடேயப்பா." அடுத்த நோட்டை எடுத்தாள். "நம்மளுது எத்தனை டிகிரி இருக்கும்?"

இங்கே எங்கள் ஃப்ரிட்ஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் வாங்கிய ஒற்றைக் கதவு. என் வாழ்நாள் சாதனை. அதன் கம்ப்ரஸரை நானே மாற்றினேன். கேஸை நானே ஏற்றினேன். கதவின் ரப்பர் பிய்ந்தபோது சைக்கிள் டியூபை அறுத்து ஒட்டினேன். கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்திருப்போம். தண்ணீர் வேண்டுமென்றால் நாற்காலியில் இருப்பவரை எழுப்ப வேண்டும். வருஷா வருஷம் அக்னஸ் புதிது கேட்பாள். வருஷா வருஷம் நான் சொல்கிற பதில் ஒன்றுதான்: "ஓடுது இல்ல?"

"நம்மளுது மூணு டிகிரியே இருக்கும்" என்றேன். "எப்படி உறுமுது பாரு!"

"உறுமுனா குளிருமா?"

சவால் விட்டு, என் மோட்டார் கடையிலிருந்து வெப்பமானியைக் கொண்டுவந்து உள்ளே வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்தேன். பன்னிரண்டு காட்டியது.

"வெப்பமானி கெட்டுப்போச்சு" என்றேன்.

"இருக்கும்" என்றாள் அக்னஸ். "ஆனந்தவல்லியம்மா வீட்டு ஃப்ரிட்ஜுல வெச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்."

ஆனந்தவல்லியம்மா கதவைத் திறந்து, நான் கையில் எதையோ வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜைக் கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே அது? கறியா?"

"தெர்மாமீட்டரும்மா."

"காய்ச்சலா?"

"எங்க ஃப்ரிட்ஜுக்கு."

அவர் ஃப்ரிட்ஜில் மிகச் சரியாக நாலு காட்டியது. அக்னஸ் என் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள். "அழகா இருக்கே. என்ன கம்பெனிங்க இது? மேல கதவு தனி, கீழ கதவு தனியா?" என்று ஆனந்தவல்லியம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பெண்கள் எதையாவது பேசிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

எனக்கோ மானப் பிரச்சினை. செத்த மோட்டாரை எழுப்புகிறவன் வீட்டு ஃப்ரிட்ஜ் பன்னிரண்டு டிகிரியா? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, சுரண்டி, திருகி, இறுக்கினேன். காலையில் திறந்தால் தயிர் கல்லாகிவிட்டது. முட்டைகள் வெடித்திருந்தன. கீரை கண்ணாடி மாதிரி ஆகி, தொட்டதும் உடைந்தது. கொஞ்சம் தளர்த்தினேன். மத்தியானம் பதினைந்து டிகிரி. மறுபடி இறுக்கினேன். மாவு உறைந்தது. என் ஃப்ரிட்ஜில் காஷ்மீரும் இருந்தது, வேலூரும் இருந்தது. நடுவில் இருக்கிற நாலு டிகிரி மட்டும் இல்லை.

அக்னஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. உறைந்த மாவைப் பார்த்துவிட்டு, "பாவம், எவ்வளவு பாடுபடுறீங்க" என்றாள்.

இதற்கு நடுவில் கறியையும் வாங்கிவிட்டேன். வெண்பன்றிக்கறி போடுகிறவர், தவக்காலத்தில் கறி வாங்க வந்த ஒரே கிறிஸ்தவன் நான்தான் என்பதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி சொல்லி, முழு வயிற்றுத் துண்டாக வெட்டிக் கொடுத்தார். "திங்குறதுக்கு இல்லங்க, ஊறப்போடுறதுக்கு" என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் விளக்கம் கொடுத்துக்கொண்டே வந்தேன். மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் கறியைப் படுக்கவைத்தேன். சித்திரை வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. ஐஸ் கண்ணெதிரே கரைந்தது.

அக்னஸ் பெட்டியின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இன்னிக்கே உப்பு போட்டாத்தானே ஈஸ்டருக்கு வரும்?"

"ஆமா."

"நம்ம ஃப்ரிட்ஜுல வெச்சா?"

"அது... இன்னிக்குப் பதினாலு."

"பதினாலுன்னா என்ன வரும்னு சொன்னீங்க?"

"விஷக்கிருமி."

"வந்தா?"

"ஆளே போயிடலாம்."

"எந்த ஆளு? என் தம்பிதானே? இல்ல, சாமியாரா?" புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். "கறியைக் குழம்பு வெச்சிடலாம்னா தவக்காலம். தூக்கிப் போடவும் மனசு வரல. ஊருக்கெல்லாம் வேற சொல்லிட்டீங்க. நீங்களே சொல்லுங்க, என்ன செய்யலாம்?"

கரும்பலகைக்கு முன்னால் நிற்கிற மூன்றாம் வகுப்புப் பையனைப் போல நான் நின்றேன். விடை எனக்குத் தெரிந்தது. உரக்கச் சொன்னேன்.

"புது ஃப்ரிட்ஜு வாங்கிடலாம்."

"ஐயோ! எதுக்குங்க வீண் செலவு?" பதறி எழுந்தாள். "இதுதான் ஓடுது இல்ல?"

"என்ன ஓடுது? உறுமுது, அவ்வளவுதான்!"

"நீங்க பார்த்துப் பார்த்துச் செஞ்சதுங்க."

"அதுக்காக? ஒரு ஃப்ரிட்ஜுன்னா நாலு டிகிரி வேணாமா? நாற்காலி முட்டுக்கொடுக்குறதெல்லாம் ஒரு ஃப்ரிட்ஜா? நாலு பேர் வந்தா கேவலமா இல்ல?"

"எனக்கு ஒண்ணும் கேவலமா தெரியல. இன்னும் ஒரு அஞ்சு வருஷம்..."

"அக்னஸ்! இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. கிளம்பு!"

இல்லறத்தில் நான் குரல் உயர்த்தி ஜெயித்த ஒரே வாதம் அது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். அக்னஸ் ஏற்கெனவே புடவை மாற்றி, கைப்பையோடு, ஐஸ் பெட்டியைப் பூட்டிய அறைக்குள் நிழலில் வைத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். வாதாடிக்கொண்டே எப்போது புடவை மாற்றினாள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தஞ்சாவூர் கடைக்குள் நுழைந்தோம். "வாங்க டீச்சர்!" என்று ஒரு பையன் ஓடி வந்தான். அவளிடம் படித்த பையனாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கே போனாலும் அவளிடம் படித்தவன் ஒருவன் இருப்பான்.

"அதே சிவப்புக் கலர் டபுள் டோர்தானே டீச்சர்? தனியா எடுத்து வெச்சிருக்கோம்."

பார்த்ததும் வாடிக்கையாளரின் ரசனையைப் புரிந்துகொள்கிறானே, கெட்டிக்காரன் என்று அவனை மெச்சினேன். முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தேன். பழைய ஃப்ரிட்ஜை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விலையைக் குறைப்பதாகச் சொன்னான். "அதுல சைக்கிள் டியூபெல்லாம் போட்டு..." என்று நான் அதன் அருமையைச் சொல்ல ஆரம்பித்ததும் குறைப்பதையும் குறைத்துவிட்டான்.

அன்று சாயங்காலமே வண்டியில் வந்து இறங்கியது. பழையதை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். வாசற்படியில் அதன் கதவு கடைசியாக ஒரு முறை தானாகத் திறந்துகொண்டது. நான் உள்ளே போய்விட்டேன்.

புதியது சத்தமே போடவில்லை. வெளியிலேயே எண்ணில் நாலு என்று காட்டியது. உப்பு, நாட்டுச்சர்க்கரை, மிளகு எல்லாவற்றையும் கறியில் தேய்த்து, கலந்தர் பாயிடம் மறுபடி வாங்கிய உரக்கீரைச் சாறு ஒரு தம்ளர் ஊற்றி, மூடி, உள்ளே வைக்கப் போனேன். இடமில்லை. ஒரே மணி நேரத்தில் அக்னஸ் அதை நிரப்பியிருந்தாள். மாவு, பூ, பழம், வடகம், ஊறுகாய், தண்ணீர்ப் பாட்டில்கள், எதற்கென்று தெரியாத சின்னச் சின்ன டப்பாக்கள்.

"கறியை எங்க வெக்கிறது?"

"கீழ, கடைசித் தட்டுல, ஓரமா. இலையைப் போட்டு மூடிடுங்க, என் பூவுல வாடை அடிக்கக் கூடாது."

அந்த ஃப்ரிட்ஜ் யாருக்காக வாங்கியது என்று கேட்க நினைத்தேன். தினமும் காலையில் குனிந்து, அவளுடைய மல்லிகைப் பூவுக்கு வாடை படாமல், கறியைப் புரட்டிப் போட்டேன். பெரிய வெள்ளிக்கிழமை அன்றுகூடப் புரட்டினேன். ஆண்டவர் மன்னிப்பார்.

ஈஸ்டர் வந்தது. சகாயராஜ் வந்தான். பூசை முடிந்து சாமியாரும் சொன்னபடியே அந்தப் பக்கமாக வந்தார். கறியை எடுத்துக் கழுவினேன். ஜெர்மனி பேக்கன் ரோஜா நிறத்தில் இருந்தது. என்னுடையது தெப்பக்குளத்துப் படிக்கட்டு மாதிரி இருந்தது. சாம்பல் நிறம், அங்கங்கே பாசி.

"இயற்கை" என்றேன்.

நறுக்கிப் பொரித்தேன். வாசனை என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஆனந்தவல்லியம்மா வீட்டு நாய் வாசலில் ஆஜர். சாமியார் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டார். இன்னும் கேட்டார். பிறகு, இன்னொரு வீட்டில் மந்திரிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டார்.

சகாயராஜ் மெதுவாக மென்றான்.

"எப்படி இருக்கு மாப்ள? உண்மையைச் சொல்லு."

"உப்புப் போட்ட பன்னிக்கறி மாதிரி இருக்கு அத்தான்."

"அதுதானே பேக்கன்!"

"இல்ல அத்தான். கீரையைப் பச்சையா அரைச்சு ஊத்துனா அந்த நிறமும் ருசியும் வராது. அங்க செலரியைப் பக்குவம் பண்ணித்தான் பொடியாக்குறாங்க. கடைசில அதுவும் அதே நைட்ரைட்டுதான், பேரு மட்டும் வேற. நானே இதையெல்லாம் விட்டுட்டேன். கொலஸ்ட்ரால் ஏறிடுச்சு."

எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. "விட்டுட்டியா? அப்புறம் எதுக்குடா எனக்கு அந்த வீடியோவை அனுப்புன?"

"நானா எங்க அனுப்பினேன்? அக்காதான் கேட்டுச்சு." அவன் இயல்பாக இட்லிக்குக் கை நீட்டினான். "இயற்கையா பேக்கன் செய்யுற மாதிரி வீடியோ ஒண்ணு உங்களுக்கு அனுப்பச் சொல்லுச்சு. அதுவும் நான் முதல்ல அனுப்பப் பார்த்தது வேணாம்னுடுச்சு. ஃப்ரிட்ஜு எத்தனை டிகிரி இருக்கணும்னு வெவரமா சொல்ற வீடியோவா பார்த்து அனுப்புன்னுச்சு. நாலஞ்சு பார்த்து, அதுல ஒண்ணு பொறுக்குனேன்."

நான் அக்னஸைப் பார்த்தேன். அக்னஸ் சட்னியைப் பார்த்தாள்.

"அக்னஸ்!"

"சாப்பிடும்போது கத்தாதீங்க. பொரையேறிடும்."

"அந்தக் கடைப் பையன்! தனியா எடுத்து வெச்சிருக்கோம்னான்!"

"பொங்கலுக்கே சொல்லி வெச்சது. பாவம், இவ்வளவு நாள் காத்திருந்தான்." சிவப்புக் கதவைத் திறந்து, பனி பூத்த பாட்டில் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். "குடிங்க. நெஞ்சு காய்ஞ்சிருக்கும், அவ்வளவு உப்பு."

குடித்தேன். சொல்லக் கூடாது, நல்ல குளிர்ச்சி. ஆனால் என் ஆத்திரம் அதில் அடங்கவில்லை. ஏமாந்ததுகூடப் பரவாயில்லை. படிக்கட்டுப் பாசி நிறத்தில் ஒரு கறியை ஊர் முன்னால் வைத்துத் தோற்றதுதான் தாங்கவில்லை. சாமியார் இந்நேரம் எத்தனை வீட்டில் தண்ணீர் கேட்டிருப்பாரோ.

"இத்தோட விட மாட்டேன்" என்று மேசையைத் தட்டினேன். "கிறிஸ்துமஸுக்கு மறுபடி செய்வேன். செலரிப் பொடியையே வரவழைச்சுச் செய்வேன். எங்க தப்பு நடந்துதுன்னு கண்டுபிடிக்காம விட மாட்டேன்!"

"எனக்கு ஒரு சந்தேகங்க" என்றாள் அக்னஸ். தட்டுகளை அடுக்கிக்கொண்டே, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் கேட்டாள். "ஊறவெச்சதுக்கு அப்புறம், அந்த வீடியோவுல ஒரு ரூமுல கயித்துல கட்டித் தொங்கவிட்டு உலர்த்துனாரே. நாம அதைச் செய்யலையே. அந்த ரூமு எவ்வளவு குளிரா இருக்கணும்?"

"பதினஞ்சு, பதினாறு டிகிரி."

"நம்ம படுக்கை ரூமு இப்ப எத்தனை இருக்கும்?"

நெற்றி வியர்வையைத் துடைத்தேன். மின்விசிறி சூடான காற்றைச் சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தது. சகாயராஜ் தலையைக் குனிந்துகொண்டு இட்லியைப் பிய்த்தான். நான் செருப்பைத் தேடி எழுந்தேன்.

"எந்த மாடல் சொல்லி வெச்சிருக்க?" என்று கேட்டேன்.